எல் பாசோ பார்க்கப் போன பவதாரணி

அமெரிக்காவில், ரிச்சர்ட்சன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் யாருக்கு ஏர்போர்ட் போக வேண்டுமென்றாலும் முதல் போன் பவதாரணிக்குத்தான் வரும். டெலிகாம் கம்பெனியில் டெஸ்டிங் வேலை, ஏழு பேர் உட்காரும் வண்டி, முடியாது என்று சொல்லத் தெரியாத வாய். இப்படிப்பட்டவர்களை ஊர் மெச்சும். வீடு தலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். தங்கை மானஸாவை இங்கே படிக்க வைத்துத் தன் வீட்டிலேயே தங்க வைத்தவள் அவள். அப்பா கோபாலசாமிக்கும் அம்மா சாந்தாமணிக்கும் கிரீன் கார்டு வாங்கி, கோயமுத்தூரிலிருந்து அழைத்து வந்தவளும் அவள். நடுவில் அவளுக்கும் ஒரு கல்யாணம் நடந்து, இரண்டே வருஷத்தில் விவாகரத்தில் முடிந்திருந்தது. அதற்குப் பிறகு மறுகல்யாணப் பேச்சை யார் எடுத்தாலும் எழுந்து போய்விடுவாள்.

போன பொங்கலன்று மட்டும், பாத்திரம் கழுவிக்கொண்டே, "நல்ல இடமா வந்தா பாக்கலாம்மா" என்று சொல்லிவிட்டாள். அம்மா முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லை, குழாயைப் பார்த்துச் சொன்னாள். அம்மா தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டே இருந்தாள். ஆனால் காதில் விழுந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

மார்ச் மாதம் அப்பா திடீரென்று எல் பாசோ பார்க்க வேண்டும் என்று ஆரம்பித்தார். நயாகராவுக்குக் கூப்பிட்டபோது, "தண்ணி கொட்டறதுல என்ன இருக்குது பாக்கறதுக்கு?" என்று சோபாவை விட்டு அசையாத மனுஷர். அவருக்குப் பாலைவனத்து நடுவில், மெக்ஸிகோ எல்லையில், ஆற்றங்கரையில் கிடக்கும் ஊர் மேல் என்ன அப்படியொரு ஆசை? பிறகு மெதுவாக விஷயம் வந்தது. அப்பாவோடு பாங்கில் வேலை பார்த்த சுவாமிநாதன் அங்கேதான் மகனோடு இருக்கிறாராம். மகன் க்ரிஷ் டாக்டராம். அம்மா பெட்டியில் பட்டுப்புடவையை எடுத்து வைத்தாள்.

பவதாரணிக்கு விளங்கிவிட்டது. பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லாமல், கோயிலிலோ பொருட்காட்சியிலோ தற்செயலாகச் சந்தித்ததுபோலப் பார்த்துவிட்டுப் போவது அவர்கள் பக்கத்தில் வழக்கம். பிடிக்காவிட்டால் யாருக்கும் தலைகுனிவு இல்லை, பாருங்கள். அமெரிக்கா வந்தும் அதை விடவில்லை. கோயிலுக்குப் பதில் சுற்றுலா. கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தாள், கோபம் வந்தால்தானே! ஒன்றும் தெரியாதவள்போல லீவு போட்டாள், ரூம் புக் பண்ணினாள், யாருக்கும் தெரியாமல் ஒரு ஜோடி நீலக்கல் தோடும் வாங்கிக்கொண்டாள். முப்பத்தேழு வயதில் மனசு இப்படித் துள்ளுகிறதே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஒரு பகல் முழுக்க அவளே வண்டி ஓட்டி எல் பாசோ போய்ச் சேர்ந்தார்கள். மறுநாள் காலையில் அவள் சுடிதாரை எடுத்தபோது அம்மா தடுத்தாள்.

"வண்டி ஓட்டறவளுக்கு அதெல்லாம் எதுக்கு? சவுகரியமா ஜீன்ஸே போட்டுக்க கண்ணு."

மானஸாவின் சுடிதாரை மட்டும் அம்மாவே இஸ்திரி போட்டாள். எல்லாரும் பளபளவென்று போய் இறங்கினால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று அம்மா பயப்படுகிறாள் போலும் என்று பவதாரணி நினைத்துக்கொண்டாள். ஆசை வந்துவிட்டால் மூளை இப்படித்தான் எல்லாவற்றுக்கும் வக்காலத்து வாங்கும்.

முதலில் ஆற்றைப் பார்க்கப் போனார்கள். ரியோ கிராண்டே, அதாவது பெரிய ஆறு என்று பெயர் மட்டும்தான் பெரிது. அணையில் தண்ணீர் திறந்துவிடாத மாதம். வெறும் மணலும், அதற்கு இப்பால் ஆளுயரத்துக்கு மேல் இரும்பு வேலியும்தான் இருந்தன. "இதுக்கு நம்ம நொய்யலே தேவலையே!" என்றாள் அம்மா. அப்பா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஊர் முழுவதும் தெரியும் மலைச்சாலைக்கு வந்தபோது நிறுத்த இடமில்லை. மூவரையும் இறக்கிவிட்டு, வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு வெயிலில் நடந்து வந்தாள். அதற்குள் "தற்செயலான" சந்திப்பு நடந்து முடிந்திருந்தது. சுவாமிநாதன் தம்பதி அம்மாவோடும் மானஸாவோடும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். கீழே இந்தப் பக்கம் ஒரு நாடு, அந்தப் பக்கம் ஒரு நாடு, பார்வைக்கு ஒரே ஊர். க்ரிஷ் அவளை நோக்கி நாலடி எடுத்து வைத்தான்.

"யூ டுரோவ் த ஹோல் வே? ரொம்ப டயர்டா இருக்குமே," என்று கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினான்.

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரை எங்கெங்கோ கொண்டு போய் விட்டிருக்கிறாள். டயர்டா என்று ஒருத்தர் கேட்டதில்லை. தண்ணீர் தொண்டையில் இறங்கியபோது, சரி, இவன் என்றால் சரி என்று தீர்மானமே பண்ணிவிட்டாள்.

மதியச் சாப்பாடு சுவாமிநாதன் வீட்டில். மற்றவர்கள் ஹாலில் உட்கார, கை சும்மா இருக்காதவள் சமையலறைக்குப் போய் க்ரிஷின் அம்மா நாகலக்ஷ்மிக்கு அப்பளம் பொரிக்க நின்றாள். அந்த அம்மாள் நல்ல மனுஷி. இவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க சாந்தாமணியக்காவுக்கு அண்ணன் பொண்ணாமா? கஸினுக்காக லீவு போட்டு இத்தனை தூரம் ஓட்டிட்டு வந்திருக்கீங்க. கூடப் பொறந்தவங்ககூட இப்படிச் செய்ய மாட்டாங்க, போங்க!"

பவதாரணிக்குப் புரியவில்லை. அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார்.

"மானஸா போட்டோவைப் பாத்ததுமே க்ரிஷுக்குப் பிடிச்சுப் போச்சு. ஒரே பொண்ணு, செல்லமா வளந்தவன்னு அக்கா சொன்னாங்க. எங்ககூட அட்ஜஸ்ட் ஆயிருவாளுங்களா?"

அப்பளம் எண்ணெயில் கருகிக்கொண்டிருந்தது. தங்கைக்குப் பார்க்கிறார்கள் என்பது ஓர் அடி. அதையாவது, நம் முட்டாள்தனம் என்று விழுங்கிக்கொள்ளலாம். ஒரே பொண்ணு என்றால், அப்போது தான் யார்? பெற்றவள் வாய் கூசாமல் எப்படி அந்த வார்த்தையைச் சொன்னாள்?

"ஆயிருவா ஆன்ட்டி, நல்ல பொண்ணு," என்றாள். வேறென்ன சொல்வாள்? உண்மையைச் சொல்லியிருந்தால் கல்யாணம் அங்கேயே நின்றிருக்கும். அதைக்கூட அவளால் செய்ய முடியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு ஹாலுக்கு வந்தாள். மானஸா அவள் முகத்தைப் பார்த்தாள், உடனே தலையைக் குனிந்துகொண்டாள். ஆக, அவளுக்கும் தெரியும். வண்டியில் வந்த அத்தனை பேருக்கும் தெரியும், ஓட்டியவளைத் தவிர. காலையில் போட்டுக்கொண்ட நீலக்கல் தோட்டைக் கழற்றி ஜீன்ஸ் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள்.

சாப்பாடு முடிந்ததும் கிளம்பினார்கள். ஊரைத் தாண்டி ஃப்ரீவேயில் ஏறிய பிறகு பவதாரணி கேட்டாள்.

"என்னை அண்ணன் பொண்ணுன்னு சொன்னது யாரும்மா?"

பின் சீட்டில் அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "டைவர்ஸான அக்கா ஒருத்தி வீட்ல இருக்கான்னா யாரு கண்ணு பொண்ணு எடுப்பாங்க? நிச்சயம் முடிஞ்சதும் பக்குவமாச் சொல்லிக்கலாம்னு அப்பாதான்..."

"அக்கா, ஐ ஆம் ஸோ சாரி. நான் வேண்டாம்னுதான் சொன்னேன்," என்றாள் மானஸா.

"ஆனா வந்து உக்காந்தே இல்ல?"

மானஸா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பொங்கலன்னைக்கு நான் சொன்னது உன் காதுல விழுந்துச்சாம்மா?"

"விழுந்துச்சு."

"அப்புறம்?"

"உனக்கென்ன கண்ணு, நீ தைரியசாலி. எதுன்னாலும் சமாளிச்சுக்குவே."

கண்ணில் நீர் முட்டினால் ரோடு தெரியாதே என்று அழுகையை அடக்கிக்கொண்டு ஓட்டினாள்.

அந்தி சாயும் முன் எல்லைக் காவல் சோதனைச்சாவடி வந்தது. அந்த வழியாகக் கிழக்கே போகும் எல்லா வண்டியும் அங்கே நின்றுதான் போக வேண்டும். இளம் அதிகாரி ஒருவன் குனிந்து, எல்லாரும் சிட்டிசனா என்று கேட்டான். தான் சிட்டிசன், மற்ற மூவருக்கும் கிரீன் கார்டு என்றாள் பவதாரணி. மூவரும் தங்கள் கார்டை நீட்டினார்கள். அவன் கார்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இவர்கள் உங்களுக்கு என்ன வேண்டும் என்று சாதாரணமாகக் கேட்டான்.

பவதாரணி பக்கத்து சீட்டில் அப்பாவையும், கண்ணாடியில் மற்ற இருவரையும் பார்த்தாள்.

"அங்கிள், ஆன்ட்டி, கஸின்."

அவன் கார்டுகளைத் திருப்பிக் கொடுத்து, பத்திரமாகப் போகச் சொன்னான். வண்டி நகர்ந்தது. பிறகு அம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு விசும்ப ஆரம்பித்தாள். மத்தியானம் முழுக்கச் சிரித்த முகத்தோடு அந்தப் பொய்யைச் சொன்னவள், அது தன் காதில் விழுந்தபோது தாங்கமாட்டாமல் தேம்பினாள். மானஸா அவளைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா முன் சீட்டில் தொண்டையைக் கனைத்தார்.

"பவா..."

"சொல்லுங்க அங்கிள்," என்றாள் பவதாரணி.