பின்பக்கம் காட்டாத கார்டு

பள்ளிக்கூட நாட்களில் பபிள்கம் வாங்கினால் கூடவே ஒரு கிரிக்கெட் கார்டு வரும். நாற்பது கார்டு சேர்ந்தால் ஒரு செட். போன மாதம் வரை என்னிடம் முப்பத்தொன்பதுதான் இருந்தன. இல்லாதது விக்கெட் கீப்பர். எட்டாம் வகுப்பில் என் நண்பன் மஞ்சள் காமாலையோடு செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவனுக்குப் பிடிக்குமே என்று நானேதான் அதைக் கொடுத்தேன். பெரியவனான பிறகு ஒருநாள் கேட்டேன். "வூடு மாத்தசொல்லோ எங்கயோ பூடுச்சு மச்சான்" என்றான். நம்பினேன்.

இப்போது பழைய கார்டு சேர்ப்பவர்களான எங்கள் வாட்ஸ்அப் ஏலக் குழுவுக்கு அவன்தான் அட்மின். விற்பவர் யாரென்று அவனுக்கு மட்டுமே தெரியும். கார்டின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்துப் போடுவது வழக்கம். இன்னொரு வழக்கமும் உண்டு. செட் முடிய அந்த ஒரு கார்டுதான் பாக்கி என்றால் "கடைசி" என்று போட வேண்டும். மற்றவர்கள் மரியாதையாக ஒதுங்கிவிடுவார்கள்.

போன மாதம் விக்கெட் கீப்பர் ஏலத்துக்கு வந்தார். முன்பக்கப் படம் மட்டும்தான் இருந்தது. சிநேகிதன் நடத்தும் ஏலத்தில் பின்பக்கத்தையும் காட்டு என்று கேட்க எனக்குக் கூச்சம். "கடைசி" என்று போட்டேன். எல்லோரும் ஒதுங்கினார்கள், ஒரு புது நம்பரைத் தவிர. நான் ஏற்ற ஏற்ற அதுவும் ஏற்றியது. எதுவரை போவேன் என்று மதுராந்தகம் ரயிலில் அவனிடம் மட்டும் சொல்லியிருந்தேன். சரியாக அந்த விலையை நான் தொட்டதும் புது நம்பர் அடங்கிவிட்டது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அதிர்ஷ்டம் என்று குதித்தேன், மடையன்.

மறுநாள் சாயங்காலம் அவனே கார்டைக் கொண்டுவந்து கொடுத்தான். "ஜெயிச்சிட்ட மச்சான்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனான். பிறகுதான் திருப்பிப் பார்த்தேன். நீல மையில் என் ரோல் நம்பர். என் கையெழுத்து.

அந்தப் புது நம்பருக்குப் போன் போட்டேன். எடுத்தது அவன் மனைவி. என் குரலைக் கேட்டதும், "இன்னாண்ணா, அவரு குளிச்சிகினு கீறாரு. இந்த நம்பரு உங்களாண்டயும் கீதா?" என்றாள். போனை வைத்துவிட்டேன்.

பணம் போனது போகட்டும். காமாலைக் கண்ணோடு அந்தக் கார்டைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கியவன் அவன்.

பின்பக்கத்தைப் படமெடுத்துக் குழுவில் போட்டேன். "இது யார் கையெழுத்து என்று அட்மின் சொல்லட்டும்" என்று எழுதினேன். அவன் பார்த்தான். இரண்டே நிமிடத்தில் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டான்.