சுவேதினியின் ஸ்கானரும் என் கிறீசும்

என் மனைவி சுவேதினி எதற்கும் "ஏலாது" என்று சொல்லி நான் கேட்டதில்லை. போரில் இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது தறப்பாள் கூடாரத்துக்குள் இருந்தே கணினி திருத்தப் பழகியவள். முகாமை விட்டு வந்ததும் மன்னார்க் கரையில் எங்கள் ஊரான கீரியில் ஒரு கடை போட்டாள். போட்டோக்கொப்பி, விண்ணப்பப் படிவம், அடையாள அட்டைக்குப் படம், எல்லாம் அங்கேதான். நான் மில்ரன், பக்கத்துக் கொட்டிலில் படகு எஞ்சின் திருத்துகிறவன். என் கையில் எப்போதும் கிறீஸ் இருக்கும். அதை மறந்துவிடாதீர்கள்.

2013 ஆவணியில் ஒரு திங்கட்கிழமை, இலுப்பைக்கடவையிலிருந்து மங்கையற்கரசி அக்கா மகள் துசாந்தினியோடு வந்தார். வயல்காரக் குடும்பம், மீளக் குடியேறி மூன்று வருடம். இடுப்புப் பையிலிருந்து ஒரு பழைய ஃபிலிம் நெகற்றிவ் துண்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"பிள்ளை, வாற வெள்ளிக்கிழமை இவளுக்குக் கலியாணம். தேப்பன்ரை படம் ஒண்டும் மிஞ்சேல்லை, எல்லாம் ஓடின ஓட்டத்தோட போச்சு. இதுதான் கிடக்கு. தேப்பன்ரை படத்துக்கு முன்னால விழுந்து கும்பிடாமல் இவள் எப்பிடி மணவறைக்குப் போறது?"

தகப்பன் சாகும்போது துசாந்தினிக்கு ஆறு மாதம். அவர் முகம் அவளுக்குத் தெரியாது. மன்னார் ஸ்ரூடியோக்காரர்கள் ஃபிலிம் வேலையை விட்டுவிட்டார்கள், கொழும்புக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா அந்தத் துண்டை யாரிடமும் கொடுத்தனுப்பச் சம்மதிக்கவில்லை.

துசாந்தினி தலைமுடியை இழுத்து இரண்டு காதையும் மூடியிருந்தாள். வெளியே தள்ளி நிற்கிற காதுகள். "பள்ளிக்கூடத்தில எல்லாரும் பகிடி பண்ணுறவை. அம்மாவைக் கேட்டால் அப்பான்ரை காது எண்டுவா. ஆர் கண்டது?" என்றாள்.

"வியாழக்கிழமை படம் உங்கடை கையில இருக்கும் அக்கா," என்றாள் சுவேதினி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன துணிவு இவளுக்கு! மூடின ஸ்ரூடியோ ஒன்று சும்மா கொடுத்த ஃபிலிம் ஸ்கானர் அது. அதை இயக்குகிற மென்பொருள் சீடி எங்கே போனதோ தெரியாது. கடையில் இருப்பதோ ஓர் உதவித் திட்டத்தில் கிடைத்த, விண்டோஸ் இல்லாத லினக்ஸ் கணினி. இரண்டையும் அதுவரை யாரும் பொருத்திப் பார்த்ததே இல்லை.

பொருத்தினாள். ஸ்கானரில் விளக்கு எரிந்தது. கணினியோ மவுசைச் சொன்னது, கீபோர்டைச் சொன்னது, ஸ்கானரை மட்டும் கண்டுகொள்ளவில்லை. திங்களும் செவ்வாயும் அவள் ஏதேதோ ஏற்றினாள், இறக்கினாள், வயரை மாற்றினாள், வெளிநாட்டுக்காரர்களிடம் இணையத்தில் கேட்டாள். "லினக்ஸ் என்னை வெல்லுறதோ? பாப்பம்!" அக்கா ஒவ்வொரு நாளும் மகளோடு முதல் பஸ்ஸில் வந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார்.

புதன்கிழமை ஸ்கானரைக் கவிழ்த்து, வயர் செருகுகிற துவாரத்துக்குள் ரோச் அடித்துப் பார்த்தாள்.

"இதுக்குள்ள கிறீஸ் பூசினது ஆர்?"

வேறு யார்? இந்தக் கரையில் உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. பற்றரி முனைக்கும் பூட்டுக்கும் பிளக்குக்கும் கிறீஸ் பூசித்தான் நாங்கள் காப்பாற்றுவோம். ஸ்கானர் கடைக்கு வந்த அன்றே அதற்கும் அந்தப் புண்ணியத்தைச் செய்துவிட்டேன். செவ்வாய்க்கிழமையே நினைவு வந்தது. ஆனால், ஒன்றும் தெரியாதவன்போல என் கொட்டிலுக்குள் போய்விட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

"உங்களுக்கு விசரே? எல்லாம் உங்கடை படகு எஞ்சினோ? அந்த மனுசி மூண்டு நாளா வந்து காத்துக்கொண்டிருக்கிறா!"

ஸ்பிரிட் எடுத்தாள், பல்தூரிகை எடுத்தாள், துவாரத்தைத் தேய்த்தாள். தூரிகை என்னுடையது. இப்போது கணினி ஸ்கானரின் பெயரைச் சொன்னது. ஆனால் தொடங்கச் சொன்னதும் வேறொன்று சொன்னது: அனுமதி இல்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. எத்தனை வருடம் கடலுக்குப் போகக் கடற்படையிடம் பாஸ் கேட்டு வரிசையில் நின்றவர்கள் நாங்கள்! "இதுக்கும் பாசோ?"

"இஞ்சை பாஸ் குடுக்கிறவளும் நான்தான்," என்றாள் சுவேதினி. அனுமதி உள்ளவர்களின் பட்டியலில் தன் பெயரை எழுதிச் சேர்த்தாள். கணினியிலிருந்து வெளியேறி, மறுபடி உள்ளே நுழைந்தாள். ஸ்கானர் உறுமத் தொடங்கியது.

வியாழக்கிழமை வரை இழுக்கவில்லை, புதன் மத்தியானமே படம் மேலிருந்து கோடு கோடாய் இறங்கியது. முதலில் தலைமுடி. பிறகு நெற்றி. பிறகு கண்களும், இரண்டு பக்கமும் நன்றாக வெளியே தள்ளி நின்ற இரண்டு காதுகளும்.

"இவர்தான்," என்றார் அக்கா. சொல்லிவிட்டு அழுதார். துசாந்தினி திரைக்குக் கிட்டப் போய் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெள்ளிக்கிழமை கலியாண வீட்டில் மாலை போட்ட படத்தின் முன்னால் அவள் விழுந்து கும்பிட்டாள். அன்று காலை தலை அலங்காரம் செய்தவள் வழமைபோல முடியால் காதை மறைக்கப் போனாளாம். துசாந்தினி அவள் கையைப் பிடித்துத் தடுத்துச் சொன்னதைச் சுவேதினி பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள்.

"விடுங்கோ அக்கா. அப்பா பாக்கட்டும்."