மல்லிக்கு ஒரு வீடு

ஒன்பது குதிரை வைத்திருக்கும் ஜாஹிதா பேகம் இன்றுவரை ஒரு குதிரைமேலும் ஏறியதில்லை. கேட்டால், "ஏறி எங்க போவணும்? அதான் பஸ் வருதே" என்பார். செஞ்சியிலிருந்து தொண்டூர் போகும் வழியில் அவருடைய மாட்டுத் தீவனக் கடை. கடைக்குப் பின்னால் ஒன்றரை ஏக்கர். ஒன்பதும் அங்கேதான் நிற்கின்றன.

ஆறு வருடத்துக்கு முன் கல்யாண ஊர்வலம் முடித்துப் போனவர்கள் ஒரு நொண்டிக் குதிரையை அவர் கடை வாசலில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள், மகராசர்கள். அது தவிட்டு மூட்டையைக் கிழித்துத் தின்ன ஆரம்பித்தது. விரட்டக் கம்போடு போன பேகம், அதன் முதுகுப் புண்ணைப் பார்த்ததும் கம்பைப் போட்டுவிட்டு இன்னொரு மூட்டையைத் தானே பிரித்து வைத்தார். அப்புறம் சொல்ல வேண்டுமா? கடற்கரையில் சவாரிக்கு உதவாமல் போனது, வண்டி இழுத்துக் கண் போனது என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அறக்கட்டளை என்று பதிவும் செய்தாயிற்று. "ஊர்ல அவனவன் பொண்டாட்டி கோழி வளக்குறா, எனக்கு வாச்சது இப்டி" என்று கணவர் ரியாசுதீன் பார்க்கிறவர்களிடமெல்லாம் அலுத்துக்கொள்வார். ஆனால் விடிந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு லத்தி அள்ளப் போகிறவர் அவர்தான்.

வருகிற குதிரையைத் தேற்றி, நல்ல இடமாகப் பார்த்து அனுப்புவதுதான் பேகத்தின் வேலை. பெண் கொடுக்கிற வீட்டைக்கூட யாரும் இத்தனை விசாரிக்க மாட்டார்கள். சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்று தண்ணீர்த் தொட்டியில் கைவிட்டுப் பார்ப்பார். பாசி வழுக்கினால் அந்த வீட்டுக்குக் குதிரை கிடையாது.

போன மார்கழியில் வந்தவள் மல்லி. வெள்ளைக் குதிரை. பத்து வருடம் கல்யாண ஊர்வலங்களில் ஆடியவள். வந்த வாரமே சாலையில் ஒரு மேளம் போயிற்று. மல்லி தலையை உயர்த்தி, தாளம் தப்பாமல் முன்னங்கால்களை மாற்றி மாற்றித் தூக்கினாள். பேகம் கை தட்டினார். போனில் பிடித்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார். குதிரை தெரிந்தவர் செய்கிற காரியமா அது? இன்றும் நினைத்தால் அவருக்கு உடம்பெல்லாம் கூசும்.

பசுவுக்குப் புண்ணாக்கு வாங்க வந்த பம்பைக்காரர் செந்தமிழனிடமும் அந்த வீடியோவைக் காட்டினார். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"அக்கா, இது சந்தோஷத்துல ஆடல. கால கயித்துல கட்டி நிக்க வெச்சி, ஒவ்வொரு மேள அடிக்கும் முட்டியில குச்சியால போடுவாங்க. அப்டிதான் பழக்குறது. நானே பக்கத்துல நின்னு வாசிச்சிருக்கேன்."

பேகம் வீடியோவைத் திரும்பப் பார்த்தார். மல்லியின் காதுகள் பின்னால் ஒட்டியிருந்தன. கண்ணில் வெள்ளை தெரிந்தது. மார்பு முழுக்க வேர்வை. அப்போதே அழித்துவிட்டார். செந்தமிழன்மேல் வந்த கோபத்தில் இரண்டு நாள் அவருக்குப் புண்ணாக்குகூடக் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் தானே போன் செய்தார்.

"தம்பி, நீதான வாசிச்ச? நீயே வந்து மாத்து."

செந்தமிழன் வந்தார். நிலத்தின் கடைசி வேலியோரம் நின்று பம்பையை விரல் நுனியால் மெல்லத் தட்டுவார். இந்தப் பக்கம் மல்லிக்கு வெல்லம் கலந்த தவிடு. அவள் தின்றுகொண்டே இருந்தால் மறுநாள் நாலடி முன்னால் வருவார். கால் தூக்கினால் நிறுத்திவிட்டுப் பின்னால் போய்விடுவார். இப்படியே ஏழு மாதம். சில வாரம் இருபதடி வந்து முப்பதடி போனதும் உண்டு. கடைசியில் பக்கத்தில் நின்று வாசித்தாலும் கால் தூக்காமல் தின்றாள். ஆனால் உடம்பு மட்டும் விறைத்தபடிதான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அவலூர்பேட்டையிலிருந்து வீரமணி வந்தார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய இரண்டு குதிரைகளில் ஒன்று செத்துப்போய், மற்றது ஏங்கிக்கொண்டிருந்தது. "பாதி வயிறுகூட தின்ன மாட்டேங்குதும்மா. வாசலையே பாத்துட்டு இருக்குது. அதுக்குத் துணை வேணும்" என்றார். பேகம் போய்ப் பார்த்தார். நிழல் இருந்தது, தொட்டி சுத்தம், மனிதரும் தங்கம். ஒரே ஒரு குறை. அடுத்த தெருவில் அம்மன் கோயில், ஆடி மாதம் முழுக்க மேளம். அங்கே போய் மல்லி ஆடினால், வேடிக்கை பார்க்கிற கூட்டம் அவளை விடாது. ஆயுசுக்கும் பயந்துகொண்டே ஆட வேண்டியதுதான். "ஆடி வெள்ளிக்கிழமை கூட்டியாறேன். கால் தூக்குச்சின்னா திரும்பக் கூட்டிட்டுப் போயிடுவேன்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆனால் இதைப்போல இன்னொரு இடம் அவளுக்குக் கிடைக்காது என்பதும் அவருக்குத் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை மினி லாரியில் மல்லி போய் இறங்கினாள். வீரமணியின் குதிரை ஓடி வந்து மூக்கோடு மூக்கு வைத்துப் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் சாமி ஊர்வலம் கிளம்பிவிட்டது. வெள்ளைக் குதிரை வந்த சேதி கேட்டு மதிலோரம் அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். பக்கத்து வீட்டு மீனம்பாள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றாள்.

மேளம் தெருமுனை திரும்பியது. மல்லியின் காதுகள் நிமிர்ந்தன. தோல் சிலிர்த்தது. பேகம் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மல்லி பக்கத்தில் நின்ற குதிரையைப் பார்த்தாள். வருடக்கணக்காக அந்த மேளத்தைக் கேட்ட அது, என்னவோ போகிறது என்று வைக்கோலை இழுத்துக்கொண்டிருந்தது. மல்லியும் குனிந்து ஒரு வாய் இழுத்தாள். மேளம் மதிலை ஒட்டி வந்தது. மல்லியின் பின்னங்கால் ஒன்று மேலே எழும்பியது.

"யா அல்லாஹ்" என்று பேகம் கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்து பார்த்தால், அந்தக் கால் குளம்பு நுனியை மட்டும் தரையில் ஊன்றிச் சும்மா நின்றது. இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கீழுதடு தொங்கியது. ஒன்பது குதிரைகளும் உச்சிவெயிலில் மரத்தடியில் அப்படித்தான் நிற்கும், கண் சொக்கும்போது. மேளச் சத்தத்தில் மல்லி அப்படி நின்றதே இல்லை.

"இன்னாம்மா இது, ஆடவே மாட்டேங்குது?" என்றாள் மீனம்பாள்.

பேகத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. முக்காட்டு முனையால் துடைத்துக்கொண்டார்.

"அதுக்கு ஆடத் தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டு, கயிற்றை வீரமணியின் கையில் கொடுத்தார்.