டெபோரா சைக்கிளின் இடது பெடல்

எங்க எர்ணாவூர் பிளாக்குல சாலமன் மாதிரி வாயத் தொறக்காத ஆம்பளய நான் பாத்ததில்ல. கண்டெய்னர் யார்டுல பெயின்டர் வேல. சனிக்கெழம சாயந்தரமானா பொண்டாட்டி டெபோரா வேலைக்குப் போற சைக்கிள என் வாசலாண்ட கவுத்துப் போட்டு, பெடல் ரெண்டையும் கழட்டி கிருஷ்ணாயில்ல ஊறவச்சு, பழைய பிரஷ்ஷால தேச்சுகினு குந்தினு இருப்பான். கடக்காத்து உப்பு உள்ள பூந்தா துரு புடிச்சுரும். அத்த ஒரு வாரம் உட்டதில்ல. பேசச் சொன்னாதான் பேஜாரு.

போன சனிக்கெழம கல்மண்டபத்துல அவன் அக்கா ஞானத்தோட பேத்திக்குப் பேர் வச்சாங்க. தனக்கு ஒண்ணு பொறக்காத டெபோரா ஆசையா கொழந்தயத் தூக்கப் போனா. "பெத்தவங்க தூக்கட்டும், நீ தள்ளி நில்லு"ன்னுட்டா அக்காக்காரி, அத்தினி பேருக்கு முன்னால. இவன் தல நிமிராம பிரியாணி துன்னுகினு இருந்தானாம்.

மறுநா காலைல டெபோரா பையோட மாடியிலேர்ந்து எறங்கி வந்தா. காத்திவாக்கத்துல அம்மா வூட்டுக்குப் போறா, இனி வர மாட்டாளாம். பாத்தா சைக்கிள் கவுந்து கெடக்குது. இவன் பெடலத் தொடச்சுகினு கீறான்.

"போவாதன்னு சொல்ல வாய் இல்ல. போற வண்டிக்கு கிரீஸ் போட மட்டும் கை கீதா?"ன்னா.

"ரோட்ல லாரி ஜாஸ்தி. பெடல் சிக்கிக்கினா உழுந்துருவ."

அவ்ளோதான் அவன் பேச்சு. அவ கண்ணு கலங்கிடுச்சு. படியில குந்திகினா. பெடலுக்குள்ள உருள்ற குட்டி இரும்பு குண்டுங்கள ஒரு டப்பா மூடில வச்சிருந்தான். அவன் துணி எடுக்கத் திரும்புனப்போ, அதுல ஒண்ண எடுத்து முந்தானையில முடிஞ்சுகினா. நான் பாத்தேன். பாக்காத மாதிரி கம்முனு கீர ஆய்ஞ்சேன்.

இடது பெடல்ல குண்டு ஒண்ணு கொறையுது. தரையெல்லாம் தடவுறான், என் செருப்பக்கூட தூக்கிப் பாக்குறான்.

"குண்டு இல்லாம எப்படிப் போறது மலரக்கா?"ன்னு என்னாண்ட கேக்குறா அவ. இன்னா நடிப்பு பாரு.

கொஞ்ச நேரத்துல தேடறத நிறுத்திட்டான். அவ முந்தானைய ஒரு பார்வ பாத்தான். குண்டு ஒண்ணு கொறஞ்சாலும் பெடல் சுத்தும், அது அவனுக்குத் தெரியாதா இன்னா. கிரீஸ அப்பி மூடி, பெடல மாட்டி, சைக்கிள நிமித்தி அவனே ஏறிட்டான்.

"எங்க போற?"ன்னா டெபோரா.

"அக்காவாண்ட. நேத்து சொல்ல வேண்டியத சொல்லிட்டு வரேன். அப்பால நீ எங்க வேணா போ."

அவ பஸ் புடிச்சுப் போயிருக்கலாம். போவல. நாஷ்டா குடுத்தேன், துன்னல. பைய மடியில வச்சுகினு தெருவையே பாத்துகினு இருந்தா.

மத்தியானம் கடக் கடக்குன்னு பெடல் சத்தத்தோட வந்தான். சட்டையெல்லாம் வேர்வ.

"சொல்லிட்டியா?"

"சொன்னேன். இனி அந்த வூட்டுப் படி மிதிக்க வேணாம்னுட்டா."

டெபோரா முந்தானைய அவுத்து, குண்ட அவன் கையில வச்சா.

"இத்தப் போட்டு மூடு. நாளைக்கு நான் வேலைக்குப் போவணும்."