கடைசிக் காது

செய்ய ஒன்றும் மிஞ்சாத நாளைத்தான் நல்ல நாள் என்று சொல்பவரை உழைப்பாளி என்பதா, சோம்பேறி என்பதா? இந்தப் பெண்மணியைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறேன்.

அவர் மாஸ்டரிங் செய்பவர். குரலையும் வாத்தியங்களையும் ஒருவர் அளவு பார்த்துக் கலந்து மிக்ஸ் ஆக்கித் தருவார். அது கார், கைப்பேசி, பெரிய அரங்கம் என்று எங்கே ஒலித்தாலும் கெடாதபடி கடைசியாக மெருகேற்றுவது இவர் வேலை. தொழில் வட்டாரத்தில் பட்டப்பெயர் 'கடைசிக் காது'. நல்ல மிக்ஸ் எது என்று கேட்டால், "எனக்கு வேலை வைக்காதது" என்பார்.

அவருடைய கொழுந்தன் முதன்முதலாக ஒரு பாடலை மிக்ஸ் செய்து கொண்டுவந்தான். அது தேறினால் தன் ஆல்பம் முழுவதையும் அவனிடமே தருவதாகப் பாடகி சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை கெடு. அண்ணியை அசத்த நினைத்தவன், சத்தத்தை ஏற்றி அமுக்கிப் பிடிக்கும் லிமிட்டரை முதலிலேயே போட்டுவிட்டு, அதன் வழியாகவே கேட்டுக் கேட்டுக் கலந்திருந்தான்.

"எப்படி அண்ணி, செவுரு ஆடுதா?"

"ஆடுது. பாட்டு எங்கப்பா? லிமிட்டரைக் கழட்டிட்டுப் போடு."

கழற்றினான். டிரம்ஸ் குரலின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

"வயித்தை எக்கிக்கிட்டு சட்டைக்கு அளவு குடுத்திருக்க. மூச்சு விட்டதும் பட்டன் தெறிக்குது பாரு."

"எல்லாரும் சத்தமாத்தானே அண்ணி கேக்கறாங்க?"

"சத்தத்தை நான் ஏத்திக்கறேன். ஏத்தறதுக்கு நீ இடம் விடு."

அவருடைய சோதனை எளிது. ஒலியை முணுமுணுப்பாகக் குறைத்துவிட்டு, அடுத்த அறையில் போய்த் துணி மடிப்பார். அங்கிருந்தே பாடல் வரி புரிய வேண்டும். இரண்டாவது மிக்ஸ், அவர் முதல் துண்டை மடித்து முடிக்கும்வரைகூடத் தாங்கவில்லை.

"யாரோ மேசையை இழுக்கற மாதிரி இருக்கு" என்றார்.

அவர் கணவர் சிரித்த சிரிப்பில் தம்பிக்காரன் அன்று சாப்பிடாமலே கிளம்பிவிட்டான்.

புதன்கிழமை மூன்றாவது மிக்ஸ் வந்தது. வரிகள் புரிந்தன; அடியில் ஒலிக்கும் பேஸ் மட்டும் கொஞ்சம் தடித்திருந்தது. "தேறிடுவ" என்றார். அவர் வாயிலிருந்து அதுவே பெரிது. வியாழக்கிழமை வந்த நான்காவதைக் கேட்டபடியே மொத்தத் துணியையும் மடித்து முடித்தார். திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தவர், எந்தக் குமிழையும் தொடாமல் எழுந்தார்.

"எனக்கு வேலையே வைக்கலையே நீ!"

"அப்ப உன் பொழப்பு போச்சா?" என்று கணவர் கேட்க, மூவருமே சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை பாடகிக்குப் போய்ச் சேர்ந்தது மூன்றாவது மிக்ஸ். பேஸை ஒரு துளி இளைக்க வைத்து, சத்தத்தை ஏற்றி அனுப்பியிருந்தார். மதியத்துக்குள் ஆல்பம் முழுவதும் கொழுந்தன் கைக்கு வந்தது. குதித்து முடித்த பிறகுதான் அவன் கோப்பின் எண்ணைப் பார்த்தான்.

"அண்ணி, நாலாவதுதானே நல்லாருந்துச்சு?"

"ஆமா. நாலாவதுதான் நல்லாருக்கு."

சொல்லிவிட்டு, பேஸை இளைக்க வைத்த குமிழைத் தடவிக்கொண்டார். "ஆனா அதுல எனக்கு வேலை இல்லையே."