முதல் ருசி பீடத்துக்கு

இயற்கை விவசாயம் என்று யாராவது வாய் நிறையச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மருந்தடிக்காத தோட்டம் என்றால், பூச்சியை யாரோ கையால் பொறுக்குகிறார்கள் என்று பொருள். வடக்கனந்தலுக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருந்த என் மாமனாரின் திராட்சைப் பந்தலில் அந்த யாரோ நான்தான்.

கோயில் பூசைக்கு ஒயின் செய்து கொடுக்கும் குடும்பம் அது. ஆண்டவரின் இரத்தமாகப் போவதில் ஒரு சொட்டு விஷம் இருக்கக்கூடாது என்பது மாமனார் போட்ட சட்டம். வேரில் சாணமும் வேப்பம்புண்ணாக்கும் மட்டும். ஜாடியில் திராட்சை மட்டும். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதைப் பெருமையாகச் சொல்வார். விடியற்காலையில் இலை இலையாகப் புரட்டிப் புழு எடுப்பது யார் என்று மட்டும் சொல்லமாட்டார்.

இன்னொரு சட்டமும் உண்டு. புது ஒயினில் முதல் ருசி பீடத்துக்கு. பூசையில் சாமியார் அருந்தும் வரை வீட்டில் ஒருவர் நாக்கிலும் படக்கூடாது. பதத்தை முகர்ந்து பார்த்துச் சொல்வது என் வேலை. மூக்குப்பொடி போட்டுப் போட்டு மாமனாரின் மூக்கு எப்போதோ செத்துப்போயிருந்தது.

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வருடம், மறியலுக்கு முந்தின நாள் மத்தியானம் களமருதூரிலிருந்து என் தம்பி சைக்கிளில் வந்தான். சட்டையெல்லாம் வியர்வை.

"அக்கா, அம்மாவுக்கு மூச்சு வாங்குது. உன்னையே கேட்டுக்கினு இருக்குது. இப்பவே பொறப்படு. நாளைக்கு ரோட்டுல மரம் வெட்டிப் போடப்போறாங்களாம்."

நான் புடவை மாற்ற உள்ளே போனேன். மாமனார் வாசலில் நின்றுகொண்டார்.

"மலை மேல மேகம் நிக்குது. நாளைக்கு அறுக்காம வுட்டா பழம் மொத்தமும் வெடிச்சிப் பூடும். மறியலுக்குப் போறோம்னு ஆளுங்க வேற வரமாட்டேன்ட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சிப் போ. உங்கம்மா இன்னா ஓடியா பூடப்போறாங்க?"

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் பார்த்தது அந்தத் தரையைத்தான். தம்பி தனியாகத் திரும்பிப் போனான்.

மறுநாள் இருட்டும் வரை அறுத்தேன், பிசைந்தேன், ஜாடியில் ரொப்பினேன். அதற்குள் சாலையெங்கும் புளியமரங்கள் விழுந்து கிடந்தன. மூன்றாம் நாள் அம்மா செத்துப்போனாள். செய்தி வந்து, வழி திறந்து, நான் போய்ச் சேர்ந்தபோது கல்லறை மண் காய்ந்து வெடித்திருந்தது. மரம் வெட்டினவர்கள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வெட்டினார்கள்.

பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தேன். பந்தலைக் கொளுத்தலாமா என்று இருந்தது. ஆனால் அந்தக் கொடிகள் ஒவ்வொன்றையும் தொட்டு வளர்த்தவள் நான். அதனால் ஜாடிகளிடம் போனேன். பொங்கி அடங்கிய ஒயினை வடிகட்டி, காற்றுப் படாமல் வாய்க்கு மெழுகு ஊற்றி மூட வேண்டும். மருந்து சேர்க்காத ஒயினுக்கு அது ஒன்றுதான் காவல். வடிகட்டினேன். மூடவில்லை. மூன்று வாரம் திறந்தே போட்டேன், ஈ மொய்க்கட்டும் என்று. புளிப்பு வாடை மூக்கில் அடித்த பிறகு மெழுகு ஊற்றி அழகாக மூடினேன்.

"எப்படிம்மா வந்திருக்குது?" என்று மாமனார் கேட்டார்.

"நல்லா வந்திருக்குது மாமா."

வழக்கமாக அவர் புது ஒயினைத் திறப்பது கிறிஸ்துமஸ் பூசைக்கு. ஊரே கூடியிருக்கும்போது அந்த மனிதரின் மானம் போகட்டும் என்பதுதான் என் கணக்கு. இன்றைக்கும் அதை நான் தப்பென்று சொல்லமாட்டேன்.

அம்மாவின் நாற்பதாம் நாளுக்கு மாமனார் ஊர்க் கோயிலில் பூசை வைத்தோம். தம்பியும் வந்திருந்தான். பழைய ஒயின் இருக்கிறது என்று நான் நிம்மதியாக முழந்தாளிட்டிருந்தேன். மாமனார் துடைத்த புதுப் புட்டியோடு வந்து குனிந்தார்.

"பழைய சரக்கு எதுக்கு? உங்கம்மாவுக்குன்னு இந்த வருசத்து ஜாடியத் தொறந்துட்டேன். நீ பிசைஞ்சது."

அவர் நடந்து போய்ப் புட்டியைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும் வரை நேரம் இருந்தது. சொல்லியிருக்கலாம். பக்கத்தில் தம்பி இருந்தான், அவன் காதில் இது விழக்கூடாது என்று முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டேன்.

காணிக்கை நேரத்தில் சாமியார் கிண்ணத்தில் ஊற்றினார். முகர்ந்தார். விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இது புளிச்சிக் காடியாயிடுச்சி. இத வெச்சிப் பூசை பண்ணக்கூடாது. வேற இருக்குதா?"

வேறு இல்லை. எங்கள் வீடு இருக்கும்போது சாமியார் எதற்குக் கொண்டுவருவார்? இருந்த பழைய ஒயினை மாமனார் காலையிலேயே மலைக்கோயில் பூசைக்குக் கொடுத்தனுப்பிவிட்டிருந்தார். சாமியார் பூசை உடுப்பைக் கழற்றிவிட்டு ஒரு செபமாலை மட்டும் சொன்னார். பூசை நின்றுபோனது. அம்மாவின் பெயரை அன்று பீடத்தில் யாரும் சொல்லவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் மாமனார் தம்பிக்கு எதிரிலேயே என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மன்னிச்சிக்கம்மா. உங்கம்மாவுக்கு ஒரு பூசகூட என்னால ஒழுங்கா குடுக்க முடியல."

அந்த வாயிலிருந்து அந்த ஒரு சொல்லுக்காக நாற்பது நாள் காத்திருந்தேன். வந்தது, நான் செய்ததற்காக.

"பரவால்ல மாமா, வுடுங்க" என்றேன்.