ராகி டிரம்மில் இருந்த ஆறு பவுன்

மைசூருக்குக் கிளம்பிய அன்று வீட்டைப் பூட்டியது நான்தான். பூட்டை நான்கு தடவை இழுத்துப் பார்த்ததும் நான்தான். வண்டியில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், "விட்டா பூட்டையே பிடுங்கி எடுத்துக்கினு வந்துடுவா போல" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. நான் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்ததும் காதோரம் குனிந்து, "உள்ளதானே இருக்குது?" என்றாள். "உள்ளதான். பேசாம வா" என்றேன்.

அவள் கேட்டது அவளுடைய ஆறு பவுனைப் பற்றி. ஓர் ஆரம், இரண்டு வளையல், ஒரு ஜோடி ஜிமிக்கி. ஒரு வருஷமாக அது ஓசூரில் என் வீட்டுச் சமையலறையில், ராகி டிரம்மின் அடியில், ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் கிடந்தது. எங்கள் இரண்டு பேரைத் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது. என் வீட்டுக்காரருக்கும் தெரியாது. அவர் நல்ல மனுஷர்தான். ஆனால் மாமாவோடு உட்கார்ந்து ஒரு டீ குடித்தால் போதும், வயிற்றில் இருப்பதெல்லாம் வாய்க்கு வந்துவிடும்.

மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். காவேரிப்பட்டினத்தில் சொந்தமாக லோடு வண்டி ஓட்டுகிறார். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், யார் வீட்டு விசேஷம் என்றாலும் முதல் ஆளாகப் போய்ப் பந்தி பரிமாறுவார். செல்போனில் காசு கட்டிச் சீட்டு ஆடுவார், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் அக்காவின் தாலிச் சங்கிலியையும் மூக்குத்தியையும் மகளுக்கென்று சேர்த்து வைத்ததையும் ஒவ்வொன்றாக விழுங்கிவிட்டது. ஒவ்வொரு தடவையும் அழுவார், மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்வார். பதினைந்து நாளில் மறுபடியும் போனும் கையுமாக உட்கார்ந்திருப்பார். அக்கா கவரிங் சங்கிலியில் தாலி கோத்துப் போட்டுக்கொண்டு திரிகிறாள்.

போன வருஷம் எங்கள் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தது. செலவை என் கம்பெனி இன்சூரன்ஸ் பார்த்துக்கொண்டது. அக்கா மட்டும் மாமாவிடம், மிச்சமிருந்த நகையை அம்மாவுக்காக விற்றுவிட்டேன் என்று சொல்லிவிட்டு, நகையை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். "பாப்பா நர்சிங் சேர்றப்ப வாங்கிக்கறேன். அதுவரைக்கும் உங்கிட்ட இருக்கட்டும்" என்றாள். பாப்பா என்பது அவள் மகள், பிளஸ் டூ படிக்கிறாள். விற்றதாகக் கேட்டதும் மாமா என்ன சொன்னார் தெரியுமா? "நகை கெடக்குது, அத்த உசுருதானே முக்கியம்" என்றார். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பாவி மனுஷன், நல்லவராகவும் இருந்து தொலைக்கிறார்.

எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் நகை பீரோவில் இருக்காது, ராகிக்குள் இருக்கும். திருடன் வந்தால் பீரோவை உடைப்பான், ராகிக்குள் எவன் கை விடப் போகிறான் என்பது கணக்கு. அம்மா அப்படித்தான் வைப்பாள், நானும் அப்படியே வைத்தேன். பேங்க் லாக்கர் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. ஆனால் எங்கே போனாலும் வீட்டுக்காரரும் கூடவே வருவார். மைசூர் போவதற்கு இரண்டு நாள் முன்புகூட இருவரும் சேர்ந்துதான் போய் என் நகைகளை வைத்துவிட்டு வந்தோம். அவர் பக்கத்தில் நிற்கும்போது அக்கா டப்பாவை எப்படி எடுத்துப் போவது? ஊரிலிருந்து வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். என்னுடையதைப் பூட்டி வைத்துவிட்டு அவளுடையதை ராகியில் விட்டுவிட்டுப் போனேன். இதை அக்காவிடம் நான் சொல்லவில்லை.

ஆயுத பூஜைக்கு ஓசூரில் கம்பெனிகள் மூடிவிடும். நான் ஒரு கம்பெனியில் குவாலிட்டி, அவர் இன்னொரு கம்பெனியில் மெஷின் ஷாப். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பது வருஷத்தில் இந்த ஒரு தடவைதான். அதனால் அவருடைய ஷிப்ட் நண்பரும் அவர் மனைவியும், அக்கா, மாமா, பாப்பா என்று ஏழு பேர் ஒரு வாடகை வண்டியில் கிளம்பினோம். மாமாதான் ஓட்டினார். வண்டிக்குப் பூஜை போட்டு, கேட் எதிரில் பூசணிக்காய் உடைத்து, உடைத்த கையோடு ஏறிவிட்டோம். அந்தப் பூசணிக்காயைக்கூட யாரும் ஓரமாகத் தள்ளவில்லை.

முதல் நாள் சந்தோஷமாகத்தான் இருந்தது. சாயங்காலம் அரண்மனை விளக்குகள் எல்லாம் ஒரே சமயத்தில் எரிந்தபோது பாப்பா "அம்மாடியோ" என்று கத்தினாள். கூட்டத்தில் நண்பரின் மனைவி ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டாள். மாமா தன் செருப்பைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு ஓட்டல் வரைக்கும் வெறுங்காலில் நடந்து வந்தார். அக்காகூட அன்றைக்குச் சிரித்தாள்.

மறுநாள் காலையில் ஓட்டலில் தோசை வந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரியின் போன் வந்தது. ஆனேக்கல் பக்கத்துக்காரி, அவசரம் என்றால் அவளுக்குத் தமிழும் கன்னடமும் கலந்துதான் வரும். "அக்கா, உங்க ஊட்டு பாகிலு தெறந்து கெடக்குது. பூட்டு கீழ கெடக்குது. பேகா பன்னி அக்கா, பேகா வாங்க!"

என் வீட்டுக்காரர் போனைப் பிடுங்கி வீடியோ கால் போட்டார். அவள் உள்ளே போய்க் காட்டினாள். பீரோ திறந்து கிடந்தது. புடவைகள் எல்லாம் தரையில். டிவி இருந்தது. சாமி ரூமில் வெள்ளி விளக்கு இல்லை. "சமையக்கட்டைக் காட்டு!" என்று நான் கத்தினேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நண்பரின் மனைவி, "அடுப்பங்கரையில என்னக்கா இருக்கப் போவுது?" என்றாள். போன் திரும்பியது. தரை முழுக்க ராகி. டிரம் தலைகீழாகக் கிடந்தது.

அக்கா என் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டாள். மேசைக்கு அடியில் என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"அட, ராகியக்கூட விடலியா நாசமாப் போறவன்" என்றார் என் வீட்டுக்காரர். பிறகு பெரிதாக மூச்சு விட்டுவிட்டு, "நல்லவேளை சாமி, மூணு நாள் முன்னாடியே இவ நகையெல்லாம் லாக்கர்ல வச்சுட்டோம். இல்லன்னா இன்னிக்கு என்ன கதி?" என்றார். எல்லோருக்கும் உயிர் வந்தது. என் மணிக்கட்டைப் பிடித்திருந்த கை விட்டுவிட்டது. அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. எதிரில் இருந்த தோசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திரும்பி வந்த ஐந்து மணி நேரத்தை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். மைசூரிலிருந்தே என் வீட்டுக்காரர் போலீசுக்குப் போன் செய்துவிட்டார். மாமா வண்டியை விரட்டினார். நகை பத்திரம் என்று தெரிந்துவிட்டதால் மற்றவர்களுக்குப் பாதி பயம் போய்விட்டது. விளக்கு எத்தனை கிராம், வாசலில் கேமரா வைக்கலாமா என்று பேசிக்கொண்டு வந்தார்கள். மத்தூரில் மாமா வண்டியை நிறுத்தி எனக்கு இளநீர் வாங்கி வந்தார். "போனது சாமான்தானே? குடிம்மா. மொகமே வெளுத்துப் போச்சு" என்றார். வாங்கிக் குடித்தேன்.

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். "அம்மாவுக்கு என்ன சித்தி?" என்று பாப்பா கேட்டாள். "வாந்தி வர்ற மாதிரி இருக்குதாம்" என்றேன். வாய் திறந்து பேச முடியாது. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவளுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். நகையப் பத்தி போலீஸ்ல சொல்லிடலாமாக்கா? ரொம்ப நேரம் கழித்துப் பதில் வந்தது. அவருக்குத் தெரிஞ்சா? நான் எழுதினேன், என்னுதுன்னு எழுதிக் குடுக்கறேன். அவள் எழுதினாள், பில்லு எம்பேர்ல இருக்குது. கொஞ்சம் கழித்து இன்னொன்று வந்தது. பாப்பா காலேஜ்?

அதற்கு நான் என்ன எழுதுவது? சொல்லாவிட்டால் பிள்ளையின் படிப்பு போகும். சொன்னால் அம்மா ஆபரேஷனை வைத்து அவள் சொன்ன பொய் சந்திக்கு வரும். அப்புறம் அந்த வீட்டில் அவள் எப்படி இருப்பாள்? லாக்கரைப் பற்றி ஏதாவது கேட்டுத் திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கேட்கவே இல்லை. எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் வண்டிகள் ஊர்ந்தன. அத்திப்பள்ளியில் இன்னும் மோசம். ஜுஜுவாடி தாண்டி ஊருக்குள் நுழைந்ததுமே கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டேன்.

வாசலில் பூசணிக்காய்த் துண்டுகள் வெயிலில் சுருங்கிக் கிடந்தன. உள்ளே ஒரு சப்-இன்ஸ்பெக்டரும் கைரேகை எடுப்பவரும் இருந்தார்கள். கைரேகை எடுத்து முடித்துவிட்டோம், உள்ளே போகலாம் என்றார்கள். நான் யாரையும் பார்க்காமல் சமையலறைக்குப் போய் மண்டியிட்டேன். இரண்டு கையாலும் ராகியைத் துழாவினேன். அடுப்பு மேடைக்கு அடியில், சிலிண்டருக்குப் பின்னால், எல்லா இடத்திலும். டப்பாவின் மூடி மட்டும் கிடைத்தது. இன்று வரைக்கும் அது மட்டும்தான் கிடைத்திருக்கிறது.

மாமா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து ராகியைக் கையால் கூட்டத் தொடங்கினார். "இதுக்குப் போயி அழுவறியா? நான் ஊர்ல இருந்து ஒரு மூட்டையே கொண்டாந்து போடறேன்" என்றார். "எந்திரிங்க மாமா!" என்று கத்திவிட்டேன். "கைய வைக்காதீங்க. போங்க அந்தப் பக்கம்!" அந்த மனுஷன் பாவம், கையில் அள்ளிய ராகியை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்.

ஹாலில் சப்-இன்ஸ்பெக்டர் எனக்கு ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்தார். வீடு என் பெயரில் இருந்ததால் புகாரை நான்தான் எழுத வேண்டும் என்றார். "என்னென்ன போச்சு?" என் வீட்டுக்காரர் அடுக்கினார். வெள்ளி விளக்கு, ஒரு வாட்ச், அலமாரியில் இருந்த கொஞ்சம் காசு. "நகை?" "நகை எதும் போவல சார். லாக்கர்ல இருக்குது."

சப்-இன்ஸ்பெக்டர் சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார். "அப்ப ராகிய எதுக்குக் கொட்டினான்? அவன் என்ன களி கிண்டவா வந்தான்? இந்தப் பக்கத்துல எல்லாரும் அதுலதானே வைக்கறீங்க. உங்களுக்குத் தெரிஞ்சது அவனுக்குத் தெரியாதா? மொதல்ல அங்கதான் போறான், அப்பறந்தான் பீரோவுக்கே வர்றான்." என் புத்தியைச் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டு, "எதுவா இருந்தாலும் இப்பவே எழுதிடுங்கம்மா. எழுதாத பொருளு, நாளைக்கு அவன் சிக்கி நாங்க பிடிச்சாலும் உங்க கைக்கு வராது" என்றார்.

என்னுடையது என்று சொல்லிவிடலாம், பில்லை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்து வாயைத் திறந்தேன். அதற்குள் கதவோரமாக நின்றிருந்த அக்கா, "எழுதுடி" என்றாள். பிறகு அவரிடம் நேராகச் சொன்னாள். "ஆறு பவுனு சார். ஒரு ஆரம், ரெண்டு வளையலு, ஒரு ஜோடி ஜிமிக்கி. என்னோடது. பில்லு இருக்குது."

மாமா முதலில் சிரித்தார். "என்னா சொல்ற நீ? அதத்தான் அத்த ஆபரேஷனுக்கு வித்தாச்சே" என்றார். அவர் என்னைப் பார்த்தார், நான் தாளைப் பார்த்தேன். அப்போதுதான் அவர் முகத்தில் சிரிப்பு நின்றது. பாப்பா அம்மாவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"உங்க நகைய ஏம்மா தங்கச்சி ஊட்ல வச்சீங்க?" என்று கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர்.

அக்கா மாமாவைப் பார்த்தாள். பிறகு, காலையிலிருந்து முதல் தடவையாக, என்னைப் பார்த்தாள்.

"திருட்டுப் போயிடக் கூடாதுன்னுதான் சார்" என்றாள்.

சப்-இன்ஸ்பெக்டர் எங்கள் மூன்று பேரின் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, தாளை விரலால் தட்டி, "சரி, அதையும் எழுதுங்க" என்று என்னிடம் சொன்னார். நான் எழுதினேன்.